அறிவுத் தேர்வும் உயிரின் உரிமையும்: மனிதக் குரங்குகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. மூன்று நிகழ்வுகள், ஒரு கேள்வி

2019 மே மாதம் புவனேஸ்வரத்தை அடுத்த நந்தன்கானன் உயிரியல் பூங்காவில் பின்னி என்ற பெண் ஒராங்குட்டான் இறந்தது. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. 2003இல் புனேயிலிருந்து அங்கே கொண்டுவரப்பட்ட பின்னி, இறக்கும்போது இந்தியாவிலிருந்த ஒரே ஒராங்குட்டான்.

அதே ஆண்டு செப்டம்பரில் சாண்ட்ரா என்ற இன்னொரு பெண் ஒராங்குட்டான் அர்ஜென்டினாவின் புவனஸ் ஐரிஸ் உயிரியல் பூங்காவிலிருந்து வெளியேறியது. நவம்பரில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள மனிதக் குரங்குகள் காப்பகத்துக்கு வந்துசேர்ந்தது. 2014 டிசம்பரிலேயே அர்ஜென்டினா நீதிமன்றமொன்று சாண்ட்ராவை உரிமைகளுக்கு உரியதோர் உயிராகக் கருதலாம் என்றிருந்தது. 2015இல் நீதிபதி எலனா லிபராத்தோரி அதை ‘மனிதரல்லாத ஆள்’ என ஏற்றுத் தீர்ப்பளித்தார்.

மூன்றாவது நிகழ்வு கொல்கத்தாவில். 2019 செப்டம்பரில் அமலாக்கத் துறை, வனவிலங்குக் கடத்தலில் ஈடுபட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவரின் மூன்று சிம்பன்சிகளையும் நான்கு மார்மோசெட் குரங்குகளையும் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின்கீழ் முடக்கியது. வீடு, நிலம், வங்கிக் கணக்கு முடக்கப்படும் அதே வழிமுறை. சிம்பன்சி ஒன்றுக்கு 25 லட்சம் ரூபாய், மார்மோசெட் ஒன்றுக்கு 1.5 லட்சம், மொத்தம் 81 லட்சம் என மதிப்பும் போடப்பட்டது. அவை அலிப்பூர் உயிரியல் பூங்காவில் வைக்கப்பட்டிருந்தன.

ஒரே ஆண்டில் மனிதக் குரங்கு ஓரிடத்தில் ‘ஆள்’, ஓரிடத்தில் சொத்து, ஓரிடத்தில் காட்சிப்பொருள். இந்த வேறுபாட்டை விலங்குகளின் அறிவு விளக்காது. ஒராங்குட்டானின் மூளை நாட்டுக்கு நாடு மாறுவதில்லை. ஆனாலும் விலங்கு உரிமை பற்றிய உலகளாவிய விவாதம் கடந்த முப்பது ஆண்டுகளாக அறிவையே பெரிதும் நம்பி நடந்துவந்திருக்கிறது. உரிமைக்கு அறிவு தகுந்த அளவுகோல்தானா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. அறிவு பற்றிய ஆய்வுகள் உரிமைக்குத் தகுதி பார்க்க உதவுவதைவிட, எது தீங்கு என்று அடையாளம் காணவே உதவும் என்பது இதன் வாதம்.

இந்தியக் காடுகளில் கொரில்லாவோ சிம்பன்சியோ ஒராங்குட்டானோ இல்லை. வடகிழக்கில் வாழும் ஹூலக் கிப்பன் வாலில்லாக் குரங்கினம்தான் என்றாலும் பெரிய மனிதக் குரங்குகளின் வரிசையில் சேராது. தமிழ்நாட்டில் சிம்பன்சியைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டலூருக்குத்தான் போகவேண்டும். எனினும் கடலூர் மாவட்டத்தில் மேல்பட்டாம்பாக்கம் போன்றதோர் ஊரில் நாட்டுக்குரங்கோடு வாழ்பவருக்கும் இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. அதனால் மனிதக் குரங்கில் தொடங்கி நாட்டுக்குரங்கில் முடிக்கிறேன்.

2. அறிவு பற்றி இதுவரை அறிந்தவை

1960இல் தான்சானியாவின் கோம்பே காட்டில் ஜேன் குடால் கண்ட காட்சி இத்துறையின் தொடக்கப்புள்ளியாகச் சொல்லப்படுகிறது. ஒரு சிம்பன்சி புல்தண்டைக் கரையான் புற்றுக்குள் நுழைத்து, கடித்துப் பிடித்த கரையான்களோடு வெளியே இழுத்துத் தின்றது. இலைகளை உருவிவிட்டுக் குச்சியைத் தயார்செய்ததும் பின்னர் காணப்பட்டது. கருவி செய்பவன் மனிதன் மட்டுமே என்ற வரையறை அத்தோடு ஆட்டம் கண்டது. 1999இல் ஆண்ட்ரூ வைட்டனும் அவரது கூட்டாளிகளும் ஆப்பிரிக்காவின் பல ஆய்வுக்களங்களின் தரவுகளை ஒப்பிட்டு, இடத்துக்கு இடம் வேறுபடும் 39 பழக்கங்களைப் பட்டியலிட்டனர். ஒரு கூட்டம் கல்லால் கொட்டை உடைக்கிறது. கல்லும் கொட்டையும் இருந்தும் இன்னொரு கூட்டம் உடைப்பதில்லை. இதைப் பண்பாடு என்று அழைக்கலாம் என்பது அவர்கள் முடிவு.

சோதனைக்கூட ஆய்வுகள் இன்னொரு திசையில் சென்றன. 1970இல் கார்டன் கேலப் கண்ணாடிச் சோதனையை வெளியிட்டார். மயக்கத்திலிருந்தபோது முகத்தில் சாயம் பூசப்பட்ட சிம்பன்சி, விழித்தபின் கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்திலேயே சாயத்தைத் தொட்டுப் பார்த்தது. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஆயுமு என்ற இளம் சிம்பன்சியைக் கொண்டு நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. தொடுதிரையில் எண்கள் சிதறித் தோன்றும். நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமே தெரிந்துவிட்டு வெள்ளைக் கட்டங்களுக்குப் பின்னால் மறையும். மறைந்த எண்களை ஏறுவரிசையில் தொட வேண்டும். எண்கள் மின்னி மறையும் இந்தப் பணியில் ஒப்பிடப்பட்ட பல்கலைக்கழக மாணவர்களை ஆயுமு முந்தியது.

மறுதரப்பையும் எடைபோட வேண்டும். 1960களின் பிற்பகுதியில் வாஷோ என்ற சிம்பன்சிக்குச் சைகைமொழி கற்பிக்கப்பட்டது பெரும் நம்பிக்கையைத் தந்தது. அதே முறையில் நிம் என்ற சிம்பன்சியை வளர்த்த ஹெர்பர்ட் டெரஸ், ஒளிப்பதிவுகளை மறுபடி ஆராய்ந்து, 1979இல் எதிர்முடிவுக்கு வந்தார்: நிம்மின் சைகைகளில் பெரும்பாலானவை ஆசிரியரின் சைகைகளைப் பின்பற்றியவை, இலக்கணம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. பிறர் மனத்தில் இருப்பதைச் சிம்பன்சி ஊகிக்கிறது என்ற கருத்தை டேனியல் பொவினெல்லி தொடர்ந்து ஐயுற்றார். வெளிப்படையான நடத்தையைப் படித்துக்கொள்வதே போதிய விளக்கம் என்றார். 2016இல் மனிதக் குரங்குகளின் பார்வை நகர்வைக் கருவியால் பதிவுசெய்து, பிறரின் தவறான நம்பிக்கையை அவை எதிர்பார்த்துப் பார்க்கின்றன என ஓர் ஆய்வு கூறியது. அதன் பொருள் குறித்தும் சர்ச்சை ஓயவில்லை.

இன்னொன்றையும் மறைக்க முடியாது. கோம்பேயில் 1974 தொடங்கி நான்காண்டுகள் ஒரு சிம்பன்சிக் கூட்டம், தன்னிடமிருந்து பிரிந்துபோன கூட்டத்தின் ஆண்களை ஒவ்வொன்றாக வேட்டையாடிக் கொன்றது. மனிதக் குரங்கைக் கள்ளங்கபடமற்ற காட்டுவாசியாகக் காட்டி உரிமை கேட்பவர்களுக்கு இது சங்கடம். அறிவு, அன்பு, கொடூரம் மூன்றும் ஒரே உயிரில் இருக்கின்றன என்பதே நேர்மையான சித்திரம்.

3. அறிவை அளவுகோலாக்கியதன் விளைவு

1993இல் பாவ்லா கவலியேரியும் பீட்டர் சிங்கரும் ‘மனிதக் குரங்குத் திட்டம்’ என்ற முயற்சியைத் தொடங்கினர். உயிர்வாழ்தல், தனிச் சுதந்திரம், சித்திரவதையிலிருந்து பாதுகாப்பு ஆகிய மூன்றையும் மனிதருக்கு மிக நெருங்கிய இந்த இனங்களுக்கு நீட்டிக்க வேண்டும் என்பது கோரிக்கை. துன்பத்தை உணரும் ஆற்றலே முக்கியம் என்ற பெந்தாமின் வழியில் வந்தவர் சிங்கர். ஆனாலும் இத்திட்டத்தின் ஈர்ப்பு மனிதக் குரங்குகளின் அறிவிலும் நம்மோடான நெருக்கத்திலுமே இருந்தது. நியூசிலாந்து 1999இல் தன் விலங்கு நலச் சட்டத்தில், அவற்றின் நலனுக்கோ அவ்வினத்தின் நலனுக்கோ அல்லாத ஆய்வுகளுக்கு அவற்றைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் 2015இல் சிம்பன்சிகள் மீதான உயிர்மருத்துவ ஆய்வுகளுக்கான ஆதரவை முடித்துக்கொண்டது. பெரும்பாலான ஆய்வுகளுக்குச் சிம்பன்சி தேவையே இல்லை என்ற 2011ஆம் ஆண்டின் அறிவியல் மதிப்பீடு இதற்கு வழிவகுத்திருந்தது.

நீதிமன்றத்தில் கதை வேறாகப் போனது. நியூயார்க் மாநிலத்தில் தனியார் ஒருவரிடம் கூண்டில் தனியே இருந்த டாமி என்ற சிம்பன்சிக்காக 2013இல் ஆட்கொணர்வு மனு தொடுக்கப்பட்டது. வழக்கறிஞர் ஸ்டீவன் வைஸின் அமைப்பு, சிம்பன்சி தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் ஆற்றலுடையது என்று ஆய்வாளர்களின் உறுதிமொழிகளோடு வாதிட்டது. 2014 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மனுவை நிராகரித்தது: கடமைகளைச் சுமக்க இயலாத ஒன்றுக்கு உரிமைகளும் இல்லை. பச்சிளங்குழந்தை எந்தக் கடமையைச் சுமக்கிறது என்ற கேள்வி உடனே எழுந்தது. 2018இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்தது. அந்த முடிவை ஏற்ற நீதிபதி யூஜின் ஃபாஹியே, சிம்பன்சி வெறும் பொருள் அல்ல என்பதில் ஐயமில்லை என்று தனியே எழுதினார். 2022இல் ஹேப்பி என்ற யானைக்கான வழக்கும் 5-2 என்ற கணக்கில் தோற்றது.

அர்ஜென்டினாவின் மென்தோசாவில் 2016 நவம்பரில் வந்த தீர்ப்பு வெற்றி. செசிலியா என்ற சிம்பன்சி தன்னுடனிருந்த இரண்டும் இறந்துபோக, கான்கிரீட் அடைப்பில் தனியே கிடந்தது. நீதிபதி மரியா அலெகாந்த்ரா மவுரிசியோ, அந்நாட்டு அரசமைப்பு கூறும் சுற்றுச்சூழல் உரிமையையும் துணைக்கொண்டு, செசிலியாவைப் பிரேசிலில் உள்ள காப்பகத்துக்கு அனுப்ப உத்தரவிட்டார். 2017 ஏப்ரலில் அது நடந்தது.

டாமியும் தனியே இருந்தது, செசிலியாவும் தனியே இருந்தது. ஒரு வழக்கில் நீதிமன்றத்திடம் முதலில் வைக்கப்பட்டது சிம்பன்சி எத்தகையது என்ற கேள்வி. மற்றொன்றில் இந்தச் சிம்பன்சிக்கு என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது என்பதும் அதை எப்படி நிறுத்துவது என்பதும் முன்னுக்கு வந்தன. இரண்டு நாடுகளின் சட்ட மரபுகள் வேறு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அறிவைத் தகுதியாக வைத்தால் நீதிமன்றம் உடனே மேலும் கடினமான தகுதி ஒன்றைக் கேட்கும். அந்தத் தேர்வு முடிவதே இல்லை. தேறிய சிலவற்றுக்கு வெளியே ஆடும் நாயும் நிற்கின்றன.

4. இந்திய வழி: கடமையிலிருந்து தொடங்குதல்

இந்தியாவில் விலங்குக்கான வாதம் பெரும்பாலும் அறிவுத் தேர்வை நடத்தாமலே எழுந்தது. கடலூர் மாவட்டத்துக்காரருக்கு இது புதிதன்று. நெய்வேலிக்கு அருகிலுள்ள வடலூரில் 1867இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலார், உயிர்களுக்கிடையிலான ஆன்ம உறவை அடிப்படையாகக் கொண்டே ஜீவகாருண்ய ஒழுக்கத்தை வகுத்தார். கொல்லப்படுதல், பசி போன்ற துன்பங்களே அங்கே கணக்கில் வருகின்றன. உயிரின் கூர்மதி கேட்கப்படுவதில்லை. சுமை முழுவதும் காண்பவர்மேல் விழுகிறது.

1976இல் 42ஆவது திருத்தத்தின் வழியே அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 51அ(எ) கூறு, உயிரினங்களிடம் பரிவுகொள்வதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக்கியது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பயிற்றுவித்துக் காட்சிக்கு வைப்பதைத் தடைசெய்த அரசாணையைச் சர்க்கஸ் உரிமையாளர்கள் எதிர்த்தபோது, கேரள உயர் நீதிமன்றம் 2000 ஜூனில் தடையை உறுதிசெய்தது. விலங்குகளுக்கும் கண்ணியமான வாழ்வு உண்டு, அடிப்படை உரிமைகள் மனிதருக்கு மட்டும் ஏன் என்று அத்தீர்ப்பு வினவியது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் தடையை ஏற்றது. தத்துவவாதி மார்த்தா நுஸ்பாம் 2006இல் வெளியான தம் நூலில் விலங்குகளுக்கான நீதியைப் பேசப் புகும்போது இந்தத் தீர்ப்பிலிருந்துதான் தொடங்குகிறார்.

2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டு வழக்கில் நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் பினாகி சந்திர கோஸும் இன்னும் ஒருபடி மேலே போயினர். 21ஆவது கூறு சொல்லும் ‘உயிர்’ என்பதில் விலங்கின் உயிரையும் சேர்த்து, காளைக்குக் கண்ணியம் உண்டென்றனர். ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து 2017இல் மெரினாவில் எழுந்த போராட்டமும் அதைத் தொடர்ந்து தமிழ்நாடு தன் திருத்தச் சட்டத்தை இயற்றியதும் நாம் அறிந்தவை. 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அத்திருத்தத்தை ஏற்றது. விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டெனச் சொல்ல முன்தீர்ப்பு இல்லை, அந்த முடிவைச் சட்டமன்றங்களே யோசிக்கட்டும் என்றது. இடையில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018இலும் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2019இலும் விலங்குலகம் முழுவதையும் சட்ட ஆளுமை என அறிவித்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 ஏப்ரலில் இயற்கை அன்னைக்கே அந்தத் தகுதியை வழங்கியது.

அறிவை வைத்துப் பேசிய இந்திய ஆவணம் இல்லாமலில்லை. 2013 மே மாதம் டால்பின் காட்சியகங்களை அனுமதிக்க வேண்டாம் என்று மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், டால்பினின் உயர்ந்த அறிவைச் சுட்டி, அதை மனிதரல்லாத ஆளாகக் காணவேண்டும் என்ற கருத்தை மத்திய அரசு குறிப்பிட்டது. அந்தச் சுற்றறிக்கை பயன் தந்தது. ஆனால் அது இனி தொடங்கவிருந்த தொழிலைத் தடுத்தது. ஏற்கெனவே கூண்டிலிருந்த சிம்பன்சிக்கு அதே தர்க்கத்தை யாரும் நீட்டவில்லை.

5. தீர்ப்பின் மொழியும் கூண்டின் நடைமுறையும்

கடமை மொழியின் வலிமை அதன் விரிவு. யாரையும் வெளியே நிறுத்துவதில்லை. குறையும் அங்கேதான். பரிவு காட்டுபவரின் ஒழுக்கத்தைப் பேசும் மொழி, பரிவு மறுக்கப்பட்ட உயிருக்கு எந்தப் பரிகாரம் என்பதைச் சொல்வதில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வதைக்கு முதல்முறை விதிக்கும் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்வரைதான். விலங்கின் கண்ணியம் உயர் நீதிமன்றத் தீர்ப்பில் அரசமைப்பின் உயரத்துக்குப் போகிறது; காவல் நிலையத்தில் ஐம்பது ரூபாயில் நிற்கிறது.

உயிரியல் பூங்காக்களைப் பாருங்கள். 1992ஆம் ஆண்டின் அங்கீகார விதிகளில், எந்த விலங்கையும் ஓராண்டுக்கு மேல் இணையின்றி வைக்கக்கூடாது என்று இருந்தது. நல்ல விதி. ஆனால் உடனே விலக்கும் இருந்தது: தக்க காரணம் இருந்தாலோ, விலங்கு இனப்பெருக்கப் பருவத்தைக் கடந்துவிட்டாலோ அது பொருந்தாது. துணை என்பதை விதி இனப்பெருக்கமாக மட்டும் புரிந்துகொண்டது. கிழட்டுச் சிம்பன்சியோ கொரில்லாவோ நாளெல்லாம் இன்னொன்றின் மயிரைக் கோதி, அணைந்து உட்கார்ந்து, சண்டையிட்டுச் சமாதானமாகி வாழும் உயிர் என்பதை அது அறியவில்லை. மைசூர் உயிரியல் பூங்காவுக்கு 1995இல் டப்ளினிலிருந்து வந்த போலோ என்ற கொரில்லா, 2014இல் இறக்கும்போது இந்தியாவின் ஒரே கொரில்லா. மைசூருக்கு மறுபடி கொரில்லாக்கள் வந்தது 2021இல், ஜெர்மனியிலிருந்து, இரண்டாக.

ஒராங்குட்டான் இங்கே ஒரு நுட்பமான எதிர்வாதத்தைத் தரும். காட்டில் முதிர்ந்த ஒராங்குட்டான் பெரும்பாலும் தனித்தே திரியும். அப்படியானால் பின்னியின் தனிமை தீங்கா? காட்டிலோ அது தானே தேர்ந்த தனிமை. தாயும் குட்டியும் ஆண்டுக்கணக்கில் பிரியாமல் இருக்கும். பழம் மிகும் பருவத்தில் பலவும் ஒரே மரத்தில் கூடும். விலகவும் நெருங்கவும் அங்கே இடமுண்டு. கூண்டு எடுத்துக்கொண்டது அந்த வாய்ப்பை. கொரில்லாவுக்குக் கூட்டம், ஒராங்குட்டானுக்கு உயரமும் தேர்வும்: ஒவ்வோர் இனத்துக்கும் எது தீங்கு என்று நடத்தை ஆய்வு இப்படித் தனித்தனியே சொல்ல முடியும். ‘எல்லா விலங்கும் சட்ட ஆளுமை’ என்ற அறிவிப்பால் இதைச் சொல்ல முடியாது.

கொல்கத்தாச் சிம்பன்சிகளிலும் இதே இடைவெளிதான். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டத்தின் அட்டவணைகள் பெரும்பாலும் நாட்டு விலங்குகளை மனத்தில் கொண்டவை. வெளிநாட்டு இனங்களுக்கென அதில் தனி ஏற்பாடு 2022 திருத்தத்தில்தான் வந்தது. அதற்குமுன் கையில் இருந்த வலுவான கருவி பணப் பரிமாற்றச் சட்டம். அது சிம்பன்சிகளைக் கடத்தல்காரரிடமிருந்து பிரித்தது. அந்த வகையில் நன்மையே. ஆனால் முடக்கப்பட்ட சொத்துக்குத் தோழமை தேவை என்று அச்சட்டத்தில் எழுதமுடியாது.

6. நாட்டுக்குரங்கு: உள்ளூர்ச் சோதனை

எந்த உரிமைக் கொள்கையும் தூரத்து விலங்கிடம் சுலபமாகத் தேறிவிடும். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பண்ருட்டி போகிற வழியில் பலாவும் முந்திரியும் வைத்திருப்பவரிடம் கொரில்லாவுக்கு உரிமை வேண்டுமா என்றால் மறுக்கமாட்டார். குரங்குக்கு என்று கேட்டால் பேச்சு மாறும். பழுக்கிற பலாவைக் கைவிட்டுக் கிளறிப் பாழாக்கும் கூட்டமும், ஓட்டைப் பிரிக்கும் கூட்டமும் அவருக்கு அன்றாட இழப்பு. அந்த இழப்பைக் கணக்கில் கொள்ளாத உரிமைப் பேச்சு அவரிடம் எடுபடாது.

நாட்டுக்குரங்கு தென்னிந்தியாவுக்கு மட்டுமே உரியது. எங்கும் கண்ணில் படுவதால் குறையாத இனம் என்ற எண்ணம் நமக்கு. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை ‘அழியக்கூடிய நிலை’யில் வைத்திருக்கிறது. வடக்கிலிருந்து செம்முகக் குரங்கு அதன் வாழிடத்துக்குள் இறங்கிவருகிறது. மைசூர் வட்டாரத்தில் மேவா சிங் குழுவினரின் நீண்டகாலக் கணக்கெடுப்புகள், சாலையோர மரங்கள் வெட்டப்பட்டதோடு சாலையோரக் குரங்குகள் குறைந்ததைக் காட்டின. 2022 திருத்தம் அதை முதல் அட்டவணைக்கு உயர்த்தியது; பயிர்ச் சேதத்தைச் சொல்லி அங்கிருந்து இறக்கும்படி கேரளம் பின்னர் கேட்டது.

அறிவுத் தேர்விலும் அது சளைத்ததன்று. பெங்களூரு தேசிய மேம்பட்ட ஆய்வு நிறுவனத்தின் அனிந்த்ய சின்ஹாவும் கூட்டாளிகளும் பந்திப்பூர்க் குரங்குகளைப் பற்றி 2018இல் வெளியிட்ட ஆய்வு கவனிக்கத்தக்கது. தின்பண்டம் வைத்திருப்பவரைப் பார்த்துக் குரங்கு மெல்லிய கூவொலி எழுப்புகிறது, கையை நீட்டுகிறது, அவர் முகத்தையும் கையையும் நோக்குகிறது, கிடைக்கும்வரை காத்திருக்கிறது. தங்களுக்குள் வேறு சூழலில் எழுப்பும் ஒலியை மனிதரிடம் கேட்பதற்கு மாற்றிக்கொண்டிருக்கிறது என்பது ஆய்வாளர் கருத்து. மனிதக் குரங்குகளுக்கே உரியதென்று நினைத்த நோக்கமுள்ள உரையாடல் இங்கே சாதாரணக் குரங்கிடம். அறிவை அளவுகோலாக்கும் கோடு இன்னும் கீழே இறங்க வேண்டியதாகிறது.

அந்த ஆய்வுக்கு வேறொரு பக்கமும் உண்டு. கை நீட்டக் கற்றுக்கொடுத்தது சுற்றுலாப் பயணிகளின் பரிவு. கோயில் வாசலிலும் நெடுஞ்சாலையிலும் வாழைப்பழம் போடுகிற அதே பரிவு, கூட்டத்தைக் காட்டு உணவிலிருந்து பிரித்து ஊருக்குள் இழுக்கிறது. பிறகு பிடித்துக் காட்டில் விட வேண்டும் என்று அந்த ஊரே கோருகிறது. நாட்டுக்குரங்கில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே வாழ்ந்து முடிப்பவை. ஆண்களே வளர்ந்தபின் வெளியேறும். கூண்டில் சிக்கியவற்றை மட்டும் ஏற்றிச்சென்று இறக்கினால் தாய், மகள், சகோதரிகளால் ஆன பிணைப்பு அறுபடுகிறது. தொல்லை அடுத்த ஊருக்கு மாறுகிறது. ஜீவகாருண்யத்தோடு நடத்தையறிவு சேராதபோது அது தீங்காகவும் முடியும்.

7. முடிவாக

அறிவுத் தேர்வு உரிமையின் வாசலில் நிற்கும் காவலாக இருந்தால், தேறியவை சிலவற்றுக்குத் தலைப்புச் செய்தி கிடைக்கும், தேறாதவற்றுக்கு ஒன்றுமில்லை. கடமை மொழி மட்டும் போதும் என்றால் தீர்ப்புகள் அழகாக இருக்கும், கூண்டு மாறாது. கடமை எல்லா உயிருக்கும் பொது. எதைச் செய்யக்கூடாது என்பது அந்தந்த இனத்தின் வாழ்முறையிலிருந்து வரவேண்டும். இரண்டையும் இணைப்பதே இங்கே முன்வைக்கப்படும் நிலைப்பாடு.

இதிலிருந்து சில கோரிக்கைகள் நேரடியாகப் பிறக்கின்றன. கூடிவாழும் மனிதக் குரங்கை, இனப்பெருக்க வயது கடந்ததாயினும், தனியே வைப்பதை வதை என்று விதியே சொல்ல வேண்டும். சொத்து முடக்கத்தில் வரும் உயிர்களின் பராமரிப்புக்குத் தனி நெறிமுறையும், அவற்றின் சார்பில் பேச ஒரு காப்பாளரும் வேண்டும். குரங்கு பிடிக்க அனுமதி தரும்போது கூட்டத்தைப் பிரிக்கக்கூடாது என்ற நிபந்தனையும், பயிரிழந்தவருக்குத் தாமதமில்லாத இழப்பீடும், சாலையோரத்தில் தீனி போடுவோருக்குத் தடையும் ஒன்றாகவே வர வேண்டும். ஒன்றை விட்டு மற்றதைச் செய்தால் விவசாயியும் குரங்கும் எதிரெதிர் மனுதாரர்களாகவே நிற்பார்கள். ஐம்பது ரூபாய் அபராதத்தைத் திருத்துவது இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யக்கூடிய எளிய வேலை. அதற்கு எந்த விலங்கின் அறிவையும் முதலில் நிரூபிக்கத் தேவையில்லை.